சாய்மா ஏரிக்காட்டில் சரளைச் சாலை சைக்கிள் பயணம்: முதன்முறை போகிறவர்களுக்கு

பின்லாந்தின் தென்கிழக்கில் சாய்மா என்று ஒரு ஏரி இருக்கிறது. பரப்பு சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். நம் ஊர் ஏரிபோல் கரையில் நின்றால் எதிர்க்கரை வரை தெரியும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஆயிரக்கணக்கான தீவுகளும் விரல் விரலாக நீளும் நிலமும் தண்ணீரைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கும். அந்த விரல்களின் மேல் பைன் காடு, காட்டுக்குள் மண்ணும் ஜல்லியும் போட்ட சாலைகள். கிராவல் சைக்கிள் (சரளைச் சாலைக்கென்றே அகல டயரோடு வரும் சைக்கிள்) வைத்திருக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல இடத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

நான் இரண்டு முறை போனேன். முதல் முறை பாதியில் திரும்பினேன். கால் வலிக்கவும் இல்லை, சைக்கிள் உடையவும் இல்லை. தேதிகள் தப்பிப்போயின. விசா தாமதமாகி ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குப் பயணம் தள்ளிப்போனது. நான் போய்ச் சேர்ந்தபோது, சைக்கிள்காரர்களை ஏரியில் ஏற்றிப் போகும் படகு அந்த ஆண்டுக்கு ஓட்டத்தை முடித்திருந்தது. இரண்டாம் முறை எல்லாவற்றையும் நாள்காட்டியில் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் திட்டமிட்டேன். ஏழு நாளில் ஏறக்குறைய 340 கிலோமீட்டர் நிம்மதியாக ஓட்டினேன். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். இந்தியாவிலிருந்து போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. ஏற்கெனவே ஷெங்கன் பகுதியில் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளில்) வசிப்பவர்கள் 2-ஆம் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

1. முதலில் தேதி, பிறகுதான் வழி

வரைபடத்தைத் திறக்கும் முன் நாள்காட்டியைத் திறங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் பனி உருகி சரளைச் சாலைகள் குழைந்துவிடும். இதற்கு அவர்கள் மொழியில் 'கெலிரிக்கோ' என்று தனிச் சொல்லே இருக்கிறது. டயர் பாதி மூழ்கும். கனரக வண்டிகளுக்குச் சில சாலைகளில் எடைக் கட்டுப்பாடும் போடுவார்கள். மே கடைசிவரை காட்டுச் சாலைகளை நம்ப வேண்டாம்.

ஜூன் மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் 'யுஹன்னுஸ்' என்ற நடுக்கோடைத் திருவிழா. ஜூன் 19-இலிருந்து 25-க்குள் வரும் வெள்ளியும் அதற்கு மறுநாள் சனியும். நம் ஊர்ப் பொங்கல்போல் நகரத்து மக்கள் எல்லோரும் ஏரிக்கரை வீடுகளுக்குப் போய்விடுவார்கள். பேருந்து குறையும், கிராமக் கடைகள் மூடியிருக்கும், முகாம் தளங்கள் நிரம்பி வழியும். அந்த இரண்டு நாளில் பயணத்தைத் தொடங்காதீர்கள்.

ஜூலையில் சவோன்லின்னா நகரக் கோட்டையில் ஓபரா விழா நடக்கும். அப்போது அங்கே அறை வாடகை எகிறிவிடும். சுல்கவாவில் ஜூலையில் பெரிய படகுப் போட்டி. அந்த வார இறுதியில் ஊரில் கூடாரம் போடவும் இடம் கிடைப்பது கஷ்டம்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் பள்ளிகள் திறந்துவிடும். அதோடு அவர்களுக்குக் கோடை முடிந்தது. வெயில் இருக்கும், ஏரித்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் ஏரிக்கரை ஓட்டல்கள், சைக்கிள் படகுகள், முகாம் தளத்துக் கடைகள் ஒவ்வொன்றாக மூடும். செப்டம்பர்வரை கோடை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நான் மாட்டியது இங்கேதான்.

என் பரிந்துரை: யுஹன்னுஸ் முடிந்த திங்கட்கிழமை தொடங்கி ஜூலை முதல் வாரத்துக்குள் முடிப்பது. இரவு பத்தரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வழி தவறினாலும் இருட்டில் மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை.

2. ஷெங்கன் விசா

கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகும். ஆனால் சிக்கல் பரிசீலனையில் இல்லை, விண்ணப்பம் கொடுக்க மையத்தில் நேர ஒதுக்கீடு கிடைப்பதில்தான் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் பாதி இந்தியா ஐரோப்பாவுக்குக் கிளம்பும். ஜூன் கடைசியில் போவதென்றால் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ கொடுத்துவிடுங்கள். நான் முதல் முறை மே மாதம்தான் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். ஆறு வாரத்துக்கு ஒரு நாள்கூடக் காலியில்லை.

எடுத்துப் போக வேண்டியவை: கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்ட, திரும்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும், இரண்டு பக்கமாவது காலியாக உள்ள பாஸ்போர்ட், படிவம், புகைப்படம், போக வர விமான முன்பதிவு, குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பீடு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், சம்பளச் சீட்டு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், தங்குமிடச் சான்று.

கடைசியில் சொன்னதுதான் சைக்கிள்காரர்களுக்குத் தலைவலி. காட்டில் கூடாரம் போடுவதற்கு யார் முன்பதிவுச் சீட்டு தருவார்கள்? ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: போலி ஓட்டல் முன்பதிவு வைக்காதீர்கள். அப்படிச் செய்து தரும் முகவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கண்டுபிடித்தால் இந்த விசா மட்டும் போகாது, அடுத்து எந்த ஷெங்கன் நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். நான் செய்தது இது. முதல் இரவு, சவோன்லின்னா, கடைசி இரவு ஆகியவற்றுக்கு ரத்து செய்யக்கூடிய அறை. மற்ற இரவுகளில் பாதிக்கு முகாம் தளத்தில் முன்பதிவு. மீதிக்கு ஒரு பக்கக் கடிதத்தில் நாள்வாரியாக எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறேன், எத்தனை கிலோமீட்டர், அந்த இரவு எந்த ஊர் அருகே கூடாரம் என்று எழுதி, வழி வரைபடத்தையும் சைக்கிள் வாங்கிய ரசீதையும் இணைத்தேன். ஒரு கேள்வியும் வரவில்லை.

காப்பீட்டில் ஒரு பொறி. மலிவான திட்டங்கள் சில, சாகச விளையாட்டு என்ற தலைப்பில் கரடுமுரடான பாதை சைக்கிள் பயணத்தை விலக்கிவைக்கும். விலக்குப் பட்டியலை முழுதாகப் படியுங்கள். எழுத்தில் பதில் கேட்டு வாங்கி வையுங்கள்.

3. சொந்த சைக்கிளா, வாடகையா

நான்கு நாளுக்குள் முடியும் பயணம் என்றால் வாடகை. ஏரியை ஒட்டிய ஊர்களான லப்பேன்ரந்தா, புமாலா, சவோன்லின்னா பக்கம் கிடைக்கும். நல்ல கிராவல் சைக்கிளுக்கு நான் விசாரித்தபோது நாளுக்கு 40 முதல் 60 யூரோ சொன்னார்கள். உயரமானவர்களுக்கான அளவுகள்தான் அதிகம் இருக்கும். ஐந்தரை அடிக்குக் கீழே என்றால் முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டு அளவை உறுதி செய்யுங்கள்.

ஒரு வாரம் என்றால் சொந்த சைக்கிள்தான் லாபம். சில விமான நிறுவனங்கள் சைக்கிள் பெட்டியை உங்கள் எடை அனுமதிக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும், சில தனிக் கட்டணம் கேட்கும். எதுவானாலும் முன்பே பதிவு செய்து, அதன் உறுதிச்சீட்டைத் தாளில் எடுத்துப் போங்கள். பெட்டியை 23 கிலோவுக்குள் முடியுங்கள். கேஸ் அடுப்பின் உருளையை விமானத்தில் கொண்டுபோகவே முடியாது. அங்கே விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். லித்தியம் பவர் பேங்க் கைப்பையில்.

பலருக்கும் தெரியாத ஒன்று: கிளம்பும்போது விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் சைக்கிளைக் காட்டி, இது என்னுடையது, திரும்பக் கொண்டுவருவேன் என்பதற்கான ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதும் சைக்கிள் சட்டகத்தில் பொறித்த எண்ணும் வேண்டும். பெட்டியை ஒப்படைக்கும் முன் இதை முடிக்க வேண்டும் என்பதால் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது புதுசாக வாங்கி வந்த சைக்கிள் என்று வரி கேட்கலாம்.

டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நான் 45 போட்டேன். ட்யூப் இல்லாத அமைப்பாக இருந்தாலும் இரண்டு ட்யூப் கையில் இருக்கட்டும். உங்கள் சைக்கிளுக்கே உரிய கியர் ஹேங்கர் (பின் கியரைச் சட்டகத்தோடு பிடித்திருக்கும் சிறு துண்டு) ஒன்று, பிரேக் பேட் ஒரு ஜோடி, செயின் இணைப்பு இரண்டு. இவை கிராமங்களில் கிடைக்காது.

4. ஹெல்சிங்கியிலிருந்து ஏரிப் பகுதிக்கு

விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. ஹெல்சிங்கி நகரத்துக்குள் போய்த் திரும்பத் தேவையில்லை. உள்ளூர் ரயிலில் பத்து நிமிடத்துக்குள் திக்குரிலா என்ற சந்திப்பு வரும். கிழக்கே போகும் நெடுந்தூர ரயில்கள் அங்கே நிற்கும். உள்ளூர் ரயிலில் இடம் இருந்தால் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை.

நெடுந்தூர ரயிலில் கதை வேறு. இன்டர்சிட்டி ரயில்களில் சைக்கிளுக்கு எண்ணிட்ட இடங்கள் சிலவே இருக்கும். உங்கள் டிக்கெட்டோடு அதையும் சேர்த்து வாங்க வேண்டும், சில யூரோதான். பெண்டோலினோ என்ற வேக ரயிலில் சைக்கிளைப் பிரித்து மூட்டையாகக் கட்டினால் ஒழிய ஏற்ற முடியாது. இரண்டும் ஒரே தடத்தில் ஓடும், ஒரே பட்டியலில் வரும். மலிவாக இருக்கிறதே என்று நான் பெண்டோலினோ டிக்கெட்டை வாங்கிவிட்டு, நடைமேடையில் நின்றபோதுதான் கவனித்தேன். வேறு டிக்கெட் எடுத்து மூன்று மணி நேரம் காத்திருந்தேன். செயலியில் தேடும்போதே சைக்கிள் இடம் வேண்டும் என்பதைத் தேர்வு செய்துவிட்டால் சரியான ரயில்கள் மட்டும் வரும். ஜூன், ஜூலை வெள்ளிக்கிழமைகளில் அந்த இடங்கள் முதலில் தீரும். நாலைந்து வாரம் முன்பே வாங்குங்கள்.

தொடங்க மிக்கெலி, முடிக்க பரிக்கலா. இரண்டும் ரயில் நிற்கும் ஊர்கள். போன வழியே திரும்பி வர வேண்டியதில்லை.

5. வழியை வரைவது

என் வழி: மிக்கெலி, அன்தோலா, புமாலா, புமாலாவைச் சுற்றித் தீவுகள் வழியாக ஒரு வட்டம், பிறகு சுல்கவா, சவோன்லின்னா, புங்கஹர்யு, பரிக்கலா. அன்தோலாவுக்கும் புமாலாவுக்கும் இடையே 62-ஆம் எண் சாலை லியெத்வேசி என்ற நீர்ப்பரப்பின் மேல் தீவுக்குத் தீவு தாவிப் போகும். அது தார்ச்சாலைதான். இருந்தாலும் அதைத் தவிர்க்க வேண்டாம். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நீங்கள். மற்ற இடங்களில் எண் சாலையை விட்டுக் கிளைச் சாலைகளுக்கு இறங்குங்கள்.

பின்லாந்தில் அரசுச் சாலைகள் சுமார் 78,000 கிலோமீட்டர். தனியார் சாலைகளும் காட்டுச் சாலைகளும் சேர்ந்து சுமார் 3,50,000 கிலோமீட்டர். மரம் வெட்டி எடுத்துப் போகப் போட்டவை பல. தனியார் சாலை என்ற பலகையைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். அந்த நாட்டில் 'எல்லோருக்குமான உரிமை' என்று ஒன்று இருக்கிறது: வீட்டு முற்றம், பயிர் நிலம் தவிர மற்ற இடங்களில் யாரும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், காட்டுப் பழம் பறிக்கலாம். குறுக்கே கட்டை போட்டிருந்தால் அது காருக்கு. ஓரமாக இறங்கிப் போகலாம்.

பலகைகளில் மட்டும் ஒரு வித்தியாசம் பழகிக்கொள்ளுங்கள். மஞ்சள் வட்டம், சிவப்பு ஓரம், நடுவில் காரும் மோட்டார் சைக்கிளும் வரைந்திருந்தால் மோட்டார் வண்டிகளுக்குத்தான் தடை. நடுவில் எதுவுமே இல்லை என்றால் எல்லா வண்டிக்கும் தடை, சைக்கிளும் சேர்த்து.

அடுத்தது விளையாட்டில்லை. பரிக்கலா ரஷ்ய எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. எல்லையை ஒட்டி அதிகபட்சம் மூன்று கிலோமீட்டர் அகலத்துக்கு எல்லை மண்டலம். எல்லைக் காவல்படையின் அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். மரங்களில் மஞ்சள் வளையமும் ஓரத்தில் மஞ்சள் பலகையும் இருக்கும். வழிகாட்டும் செயலிகள் இதைப் பற்றிக் கவலைப்படாமல் அழகான காட்டுப் பாதை என்று உள்ளே கொண்டுபோய் விடும். வழியை வரைந்த பிறகு, நில அளவைத் துறையின் வரைபடத்தில் கிழக்கு ஓரத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

பழைய வரைபடத்தையும் நம்ப வேண்டாம். சுல்கவா பக்கம் வெகரன்சல்மியில் படகு என்று சில வரைபடங்கள் காட்டும். 2019-லேயே அங்கே பாலம் வந்துவிட்டது.

அப்புறம், தூரம். நம் ஊரில் ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓட்டுபவர் இங்கே 60 என்று வையுங்கள். பெரிய மலை ஏதும் கிடையாது. ஆனால் ஏற்றமும் இறக்கமும் ஓயாது. முப்பது மீட்டர் ஏறி, முப்பது மீட்டர் இறங்கி, திரும்பினால் இன்னொன்று. மாலையில் கணக்குப் பார்த்தால் ஒரு சின்ன மலையே ஏறியிருப்பீர்கள்.

6. சரளைச் சாலையின் குணம்

எல்லாச் சரளையும் ஒன்றல்ல. நன்றாக இறுகிய மண் சாலை தார்ச்சாலையைவிட இதமாக ஓடும். அதே சாலையில் அன்று காலை சமன் செய்யும் எந்திரம் போயிருந்தால் மேலே உதிரி ஜல்லி கிடக்கும். முன்சக்கரம் தன்பாட்டுக்குத் திரும்பும். அப்போது கைப்பிடியை இறுக்காதீர்கள். எடையைப் பின்னால் தள்ளி, கார்ச் சக்கரம் அழுத்திய தடத்தில் போங்கள்.

இறக்கத்தின் அடியிலும் வளைவுக்கு முன்னும் சாலை தகரக் கூரைபோல் அலையலையாக இருக்கும். பின்லாந்துக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'ஊர் அதிகாரியின் சுருள்முடி'. வேகமாக இறங்கி அதில் விழுந்தால் கண்ணே கலங்கும்; பையைக் கட்டிய திருகுகள் ஒவ்வொன்றாகக் கழலும். தினமும் மாலை எல்லாத் திருகுகளையும் ஒரு சுற்று முறுக்கிப் பாருங்கள்.

கோடைத் தொடக்கத்தில் தூசி அடங்க, சாலையில் கால்சியம் குளோரைடு என்ற உப்பைத் தூவுவார்கள். காய்ந்திருந்தால் அருமையான சாலை. மழை பெய்தால் சாம்பல் நிறக் குழம்பு. புமாலாவுக்கு வடக்கே ஒரு மழையில் நான் எட்டு கிலோமீட்டர் அப்படி ஓட்டினேன். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் செயின் முழுக்க வெள்ளைப் பூச்சு காய்ந்து, சுண்ணாம்பு அடித்த கயிறுபோல் விறைத்து நின்றது. பின்பக்கத்து கியர் பல்லிடுக்கெல்லாம் அடைத்து, கியரே மாறவில்லை. பழைய பல்துலக்கியும் ஏரித்தண்ணீரும் வைத்து முக்கால் மணி நேரம் தேய்த்தேன். உப்பு என்பதால் அப்படியே விட்டால் அரித்துவிடும். அன்றே கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள். ஈரத்துக்கான செயின் எண்ணெய் ஒரு சின்னக் குப்பி அவசியம்.

மர லாரிகள் சரக்கோடு சேர்த்து மொத்தம் 76 டன் வரை இருக்கலாம். குறுகிய காட்டுச் சாலையில் எதிரே வந்தால் அது ஒதுங்க முடியாது, நீங்கள்தான் இறங்கி ஓரத்தில் நிற்க வேண்டும். சத்தம் முன்பே கேட்கும். இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம். வண்டிகள் வலது பக்கம் ஓடும் நாடு. இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஆளே இல்லாத காட்டுச் சாலையில் மூன்றாம் நாள் கை தானாக இடது பக்கம் போகும். பலகை இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம்.

7. படகுகள்

இரண்டு வகை. குழப்பிக்கொண்டால் நாள் வீண்.

முதல் வகை 'லோஸி'. மஞ்சள் நிற மிதவைப் படகு, அரசுச் சாலையின் ஒரு பகுதி. அதனால் கட்டணமே இல்லை. புமாலா பகுதியில் ஹாத்தின்விர்தாவில் ஒன்று இருக்கிறது. கரைக்கு வந்து தடுப்புக் கட்டைக்கு முன் நில்லுங்கள், உங்களைப் பார்த்ததும் எதிர்க்கரையிலிருந்து கிளம்பும். தண்ணீருக்குள் கிடக்கும் இரும்பு வடம் சொட்டச் சொட்ட மேலே வந்து, படகின் உருளையில் ஏறி, பின்னால் மறுபடி தண்ணீருக்குள் இறங்கும். அந்தப் பக்கம் போய்ச் சேர சில நிமிடம்தான். அன்று ஒரு பால் வண்டியும் நானும் மட்டும்தான் இருந்தோம். படகோட்டி தன் கூண்டிலிருந்து கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன். பேச்சு அவ்வளவுதான். அந்த நாட்டில் அது நல்ல உரையாடல்.

இரண்டாம் வகை, கோடையில் மட்டும் சைக்கிள்காரர்களுக்காக ஓடும் சிறிய படகு. புமாலா தீவு வட்டம் சுமார் 60 கிலோமீட்டர். அந்த வட்டம் முழுமையாவது இப்படி ஒரு படகால்தான். கட்டணம் உண்டு, ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட நேரங்களில் சில முறை மட்டுமே போகும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வசந்த காலத்தில் புமாலா ஊராட்சியும் சுற்றுலா அலுவலகமும் வெளியிடும் அட்டவணையைப் பார்த்த பிறகே விமான டிக்கெட்டை உறுதி செய்யுங்கள். முதல் முறை நான் மரப் படகுத்துறையில் போய் நின்றபோது சங்கிலி போட்டிருந்தது, பலகையில் அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று எழுதியிருந்தது. வந்த வழியே திரும்ப மழையில் 40 கிலோமீட்டர் ஆனது.

புமாலாவில் இன்னொரு உதவி: 1995-ல் திறந்த 781 மீட்டர் நீளப் பாலம் துறைமுகத்துக்கு மேலே உயரத்தில் போகிறது. துறைமுகத்திலிருந்து பாலத்துக்கு லிஃப்ட் இருக்கிறது, சைக்கிளோடு ஏறலாம். ஏறி நின்று இரண்டு பக்கமும் பாருங்கள்.

8. இரவுகள்

எல்லோருக்குமான உரிமையில் ஓரிரு இரவு கூடாரம் போடலாம். வீடுகளிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். ஆளில்லாததுபோல் தெரியும் ஏரிக்கரை வீடு எதுவும் ஆளில்லாத வீடு அல்ல. தேசியப் பூங்காக்களில் விதி வேறு. குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான்.

நெருப்பு அந்த உரிமையில் சேராது. தரையில் நெருப்பு மூட்ட நில உரிமையாளர் அனுமதி வேண்டும். சிறிய அடுப்பு பயன்படுத்தலாம். காட்டுத்தீ எச்சரிக்கை இருக்கும் நாளில் திறந்த நெருப்பே கூடாது. வானிலை அறிக்கையில் தினமும் பாருங்கள்.

'லாவு' என்பது மூன்று பக்கம் மூடிய சாய்கூரை மரக் குடில். முன்னால் நெருப்பிடம், பக்கத்தில் விறகும் உலர் கழிப்பறையும் பெரும்பாலும் இருக்கும். இலவசம். முன்பதிவு கிடையாது, வருபவர்களோடு பகிர வேண்டும். காட்டுத்துறையின் இணைய வரைபடத்தில் இவற்றில் பல குறிக்கப்பட்டிருக்கும். கொசு அதிகம் என்பதால் குடிலில் தூங்கினாலும் உள்கூடாரத்தை விரித்துவிடுங்கள். உண்ணிக்குப் புல் பிடிக்கும். இரவு படுக்கும் முன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பார்த்துவிட்டுப் படுங்கள். எடுக்கும் இடுக்கி மருந்துக்கடையில் சில யூரோவுக்குக் கிடைக்கும்.

இரண்டு இரவுக்கு ஒரு முறையாவது முகாம் தளம். எனக்குக் கூடாரத்துக்கு 20 முதல் 25 யூரோ ஆனது. குளியல், துணி துவைக்க எந்திரம், சமையலறை, சௌனா (நீராவிக் குளியல் அறை) எல்லாம் இருந்தன. கோடையிலும் இரவு பத்து டிகிரிக்குக் கீழே போகும்; மெல்லிய தூக்கப்பை மட்டும் போதாது.

அவசரத்துக்கு எண் 112. '112 சுவோமி' என்ற செயலியை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். அதன் வழியாக அழைத்தால் நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும். எந்தச் சாலை என்று சொல்லத் தெரியாத காட்டில் இது பெரிய துணை.

9. சாப்பாடு

மதியம் பதினொன்று முதல் இரண்டு மணிக்குள், வார நாளில், 'லௌனஸ்' என்று பலகை போட்ட இடத்தில் நுழைந்துவிடுங்கள். 12 முதல் 15 யூரோவுக்கு சூப், சாலட், ரொட்டி, ஒரு முக்கிய உணவு, காபி. வேண்டிய அளவு. அதே கடையில் மாலை ஒரு தட்டே இருபது யூரோவைத் தாண்டும்.

சைவர்களுக்கு என் கண்டுபிடிப்பு கரேலியப் பீரக்கா. கம்பு நிறத்தில், ரை என்ற தானிய மாவில் செய்த மெல்லிய ஓடு, நடுவில் பாலில் குழைய வேகவைத்த சோறு. கிட்டத்தட்டக் குழைசாதம்தான். சூடாக்கி, ஒரு துளி ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டால் வீட்டு நினைவு வந்துவிடும். எல்லாக் கடையிலும் பொட்டலமாக விற்கும், மேல்சட்டைப் பையில் நசுங்காமல் இருக்கும். சவோன்லின்னா சந்தையில் லோர்ட்ஸி என்ற அரைநிலாப் பலகாரத்தில் ஆப்பிள் வைத்ததைக் கேளுங்கள். இறைச்சி வைத்ததும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

புமாலாவுக்கும் சுல்கவாவுக்கும் இடையில் கடை இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஒரு நாள் உணவு எப்போதும் பையில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் எங்கும் குடிக்கலாம். ஏரித்தண்ணீர் தெளிவாக இருந்தாலும் காய்ச்சிக் குடியுங்கள்.

10. ஆன செலவு

ஒரு யூரோ தோராயமாக நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், இப்போது அதற்கும் சற்று மேல். விமானம், விசா, காப்பீடு போக, பத்து இரவுக்கு எனக்கு ஏறக்குறைய 700 யூரோ ஆனது. மூன்று இரவு அறைக்கு 270, நான்கு இரவு முகாம் தளத்துக்கு 90, மூன்று இரவு காட்டில் இலவசம். சாப்பாட்டுக்கு நாளுக்கு ஏறக்குறைய 25 வீதம் 240 வரை. போக வர ரயிலுக்கு 65. மீதி படகு, சிம் அட்டை, செயின் எண்ணெய். சிம் அட்டையை ஆர்-கியோஸ்கி என்ற சிறு கடைகளில் வாங்கலாம். கிராமத்திலும் கார்டு செல்லும். ரொக்கம் 50 யூரோ போதும்.

11. முடிப்பதும் திரும்புவதும்

புங்கஹர்யுவில் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல் முகடு, இரு பக்கமும் ஏரி, மேலே பழைய சாலை. மெதுவாக ஓட்டுங்கள், அவசரப்பட அங்கே ஒன்றுமில்லை.

பரிக்கலாவில் ரயிலுக்கு முன் அரை நாள் மிச்சம் வையுங்கள். நெடுஞ்சாலை 6-ன் ஓரத்தில் ஒரு தோட்டம் இருக்கிறது. வெய்யோ ரோன்கோனன் என்ற காகித ஆலைத் தொழிலாளி தன் வீட்டு முற்றத்தில் செய்து வைத்த நூற்றுக்கணக்கான சிமென்ட் சிலைகள். அவற்றில் பெரிய கூட்டம் யோகாசனம் செய்கிறது. காட்டுக்குள் பாசி படிந்த உருவங்கள் தலைகீழாக நிற்பதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் 2010-ல் இறந்துவிட்டார்.

கடைசி இரவை விமான நிலையத்துக்கு அருகே வையுங்கள். போகும்போதே அங்கே ஒரு இரவு தங்கி, திரும்பியும் அங்கேயே தங்குவதாகச் சொன்னால் பல ஓட்டல்களில் சைக்கிள் பெட்டியைப் பத்து நாள் வைத்துக்கொள்வார்கள். முன்பே எழுதிக் கேளுங்கள். மறுத்தால் சைக்கிள் கடைகளில் காலி அட்டைப்பெட்டி கிடைக்கும்; இரண்டு நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும். டயரில் ஒட்டிய மண்ணைக் கழுவி, காற்றைச் சற்று இறக்கி, பெடலைக் கழற்றிக் கட்டுங்கள். பெடல் கழற்றும் சாவியை மறக்காமல் எடுத்துப் போயிருக்க வேண்டும். சுங்கச் சான்றிதழ் பெட்டிக்குள் போய்விடாமல், பாஸ்போர்ட்டோடு கையில் இருக்கட்டும்.